மூன்றரை டிகிரி மிச்சம்



'வியப்பூட்டும் அறிவியல் கண்டுபிடிப்புகள்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பத்துக் கண்டுபிடிப்புகளை வரிசையாகச் சொல்லலாம். சாப்பாட்டுப் பந்திக்குப் போவதற்குள் எல்லாம் மறந்துபோகும். நான் தொலைத்தொடர்புத் துறைக்காரன். ஆன்டெனாவும் இரைச்சலும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. ஆகவே ஒரே ஓர் இரைச்சலின் கதையைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹோம்டெல் என்ற ஊர். அங்கே ஒரு குன்றின் மேல் பெல் ஆய்வகத்தார் பெரிய ஆன்டெனா ஒன்றை நிறுவியிருந்தார்கள். வாய் மட்டும் 20 அடி அகலம். பார்த்தால் படுக்க வைத்த ராட்சதப் புனல் மாதிரி இருக்கும். 1960-இல் விண்ணில் விடப்பட்ட எக்கோ என்னும் பலூன் செயற்கைக்கோளில் பட்டுத் திரும்பும் மிக மெல்லிய சிக்னலைப் பிடிக்கத்தான் அதைக் கட்டினார்கள். அந்த வேலை முடிந்த பிறகு ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் என்ற இரண்டு இளைஞர்கள், வானொலி வானியலுக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று வந்தார்கள்.

மின்னணுவியல் படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. சூடுள்ள எந்தப் பொருளும் கொஞ்சம் ரேடியோ இரைச்சலை வெளிவிடும். அதனால் நாங்கள் இரைச்சலையே வெப்பநிலைக் கணக்கில், கெல்வினில் சொல்லுவோம். பூஜ்யம் கெல்வின் என்றால் மைனஸ் 273 டிகிரி செல்சியஸ்.

1964-இல் இவர்கள் 4080 மெகாஹெர்ட்ஸில் அளந்தார்கள். ஆன்டெனா காட்டியது ஏறக்குறைய 6.7 கெல்வின். காற்று மண்டலத்துக்கு 2.3, ஆன்டெனாவின் உலோகத்துக்கு ஒன்றுக்கும் குறைவு, தரையிலிருந்து வருவது சொற்பம். எல்லாம் கழித்தாலும் மூன்றரை டிகிரி மிச்சம். கணக்குப் பிள்ளை பேரேட்டில் துண்டு விழுந்த மாதிரி!

நியூயார்க் நகரத்து இரைச்சலோ என்று அந்தப் பக்கம் திருப்பினார்கள், மாற்றமில்லை. 1962-இல் வான்வெளியில் நடந்த அணுகுண்டு வெடிப்பின் விளைவோ? அப்படியானால் நாளாக நாளாகக் குறைய வேண்டும், குறையவில்லை. பருவம் மாறியும் அது மாறவில்லை. தகடுகளின் இணைப்புகளில் அலுமினிய நாடா ஒட்டினார்கள். அதற்கும் அசையவில்லை.

அடுத்த சந்தேகம் புறாக்கள் மேல். இரண்டு புறாக்கள் உள்ளே குடித்தனம் நடத்தி, சுவரெல்லாம் எச்சம். பிடித்து வேறோர் ஊருக்குப் பார்சல் பண்ணினார்கள். புறாவாயிற்றே, சும்மா இருக்குமா? திரும்பி வந்துவிட்டன. கடைசியில் அவற்றைச் சுட்டுத்தான் தீர்த்தார்கள் என்பது இந்தக் கதையில் எனக்குப் பிடிக்காத பகுதி. எச்சத்தைச் சுரண்டிக் கழுவிய பிறகும் இரைச்சல் அப்படியே இருந்தது.

இங்கேதான் மாணவர்கள் கவனிக்க வேண்டும். இந்த மிச்சம் அன்றைக்குத்தான் முதன்முதலாக வந்தது என்றில்லை. 1961-இலேயே எட்வர்ட் ஓம் என்ற பொறியாளர் (நம் மின்தடை ஓம் வேறு, இவர் வேறு) அதே ஆன்டெனாவில் வேறோர் அலைவரிசையில் அளந்து பிரசுரித்திருந்தார். பகுதிகளைக் கூட்டினால் சுமார் 19. ஆன்டெனா காட்டியது சுமார் 22. மூன்று டிகிரி உதைத்தது. ஆனால் பிழை வரம்புக்குள் அடங்கியதால் விட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையிலிருந்த அளவுக்கு அது நேர்மையான முடிவுதான்.

பிறகு வந்தவர்களால் ஏன் அப்படி விட முடியவில்லை? அவர்கள் பெரிய மேதைகள் என்பதால் என்று நான் நினைக்கவில்லை. பென்சியாஸ் ஒரு குளிர் ஒப்பீட்டுக் கருவி செய்து வைத்திருந்தார். திரவ ஹீலியத்தில் மூழ்கியது. அதன் வெப்பநிலை நிச்சயமாகத் தெரியும். ஒரு சுவிட்சைத் திருப்பினால் ஆன்டெனாவையும் அதையும் மாற்றி மாற்றி ஒப்பிடலாம். தராசில் மறு தட்டில் முத்திரை போட்ட எடைக்கல் இருப்பது போல. அதன் பிறகு 'கருவி அப்படித்தான் இருக்கும் சார்' என்று நழுவ வழியில்லை. ஆய்வகத்தில் வாய்பாட்டிலிருந்து பின்னோக்கிப் போட்டு ரீடிங் எழுதும் கலை இந்தக் கல்லூரிக்குப் புதிதல்ல. முன்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. அந்தக் கலையில் தேர்ந்தவர் கையில் இந்த மூன்றரை டிகிரி ஐந்து நிமிடத்தில் காணாமல் போயிருக்கும்.

விடை பக்கத்திலேயே, பிரின்ஸ்டனில் இருந்தது. ராபர்ட் டிக்கியும் அவர் குழுவினரும், பிரபஞ்சம் சூடாகத் தோன்றியிருந்தால் அதன் ஆறிப்போன கதிர்வீச்சு இன்னும் எங்கும் பரவியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, அதைத் தேடக் கருவி செய்துகொண்டிருந்தார்கள். 1948-இலேயே ஆல்ஃபரும் ஹெர்மனும் சுமார் 5 கெல்வின் என்று சொல்லி வைத்திருந்ததும் எவருக்கும் நினைவில்லை. நண்பர் ஒருவர் மூலம் விஷயம் தெரிந்து பென்சியாஸ் பிரின்ஸ்டனுக்குப் போன் போட்டார். 1965-இல் இரு குழுக்களின் கட்டுரைகளும் ஒரே இதழில் அடுத்தடுத்து வந்தன. ஹோம்டெல்காரர்கள் தலைப்பில் பிரபஞ்சம் என்ற சொல்லே இல்லை. 4080 மெகாஹெர்ட்ஸில் ஆன்டெனாவின் மிகை வெப்பநிலை, அவ்வளவுதான். 1978-இல் அதற்கு நோபல் பரிசு வந்தது.

பிற்பாடு 1989-இல் ஏவிய கோபே செயற்கைக்கோள் அளந்து, சரியான கணக்கு 2.7 கெல்வினுக்குச் சற்று மேல் என்று காட்டியது. பழைய ஆன்டெனா டிவியில் சேனல் இல்லாத இடத்தில் புள்ளி புள்ளியாக இரையுமே, அதிலும் இதற்கு ஒரு சிறு பங்கு உண்டு.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சிறிய டிஷ் ஒன்றையும் ரிசீவரையும் கொண்டு வந்திருக்கிறேன். வெறும் வானத்துக்கும் நம் கல்லூரிச் சுவருக்கும் இரைச்சல் எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்க விரும்பும் மாணவர்கள் தேநீர் நேரத்தில் மாடிக்கு வாருங்கள்.