‘அந்த நாள்’ எழுப்பும் வழக்கு
(எமது மன்றக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சென்ற திங்கள் எமது மன்றத்தில் ‘அந்த நாள்’ என்னும் பழைய படத்தைத் திரையிட்டுப் பார்த்தோம். படம் முடிந்து விளக்கு எரிந்ததும் வாதம் தொடங்கிவிட்டது. “இதற்கா இத்தனை புகழ்? கதையெல்லாம் ஓட்டை!” என்றனர் இளைஞர். “ஓட்டையை எண்ணாதீர்கள், எடுத்தவர்களின் துணிவைப் பாருங்கள்” என்றனர் மூத்தோர். வாதம் மண்டபத்தில் முடியாமல் உட்துறைமுக வீதிவரை நடந்து சென்றது. இரு கட்சியாரும் விட்டுக்கொடாமையால் அவ்வழக்கை இன்று இங்கே எடுத்துக்கொள்கின்றோம்.

1954ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டையொட்டி ஏ. வி. எம். நிறுவனம் வெளியிட்ட படம் இது. இயக்கியவர் எஸ். பாலசந்தர். திரைக்கதை வசனம் எழுதியவர் ஜாவர் சீதாராமன். துப்பறியும் அதிகாரியாக நடித்தவரும் அவரே. பாட்டில்லை, நடனமில்லை, சண்டையில்லை. பிற்காலத்தில் வீணை வித்துவானாகப் பெரும்புகழ் பெற்ற ஒருவரே பாட்டில்லாத முதல் தமிழ்ப்படத்தை எடுத்தார் என்பது ஒரு வேடிக்கை. பாட்டை நாடி வந்த கூட்டம் ஏமாந்தது. முதல் ஓட்டத்தில் படம் பணம் தேடித் தரவில்லை. இந்திய அரசின் நற்சான்றிதழ் பின்னரே கிடைத்தது. ஆகவே, ஏமாற்றம் நம் இளைஞர்க்கு மட்டும் உரியதன்று. அதற்கு எழுபது வயது ஆகிறது!

கதை இது. 1943 அக்டோபர் 11ஆம் நாள் சென்னையில் யப்பானியர் குண்டு வீசுகின்றனர். அதனையடுத்து இராஜன் என்னும் வானொலிப் பொறியியலாளன் தன் வீட்டில் சுடப்பட்டு இறந்து கிடக்கிறான். அயல்வீட்டார், தம்பி, தம்பி மனைவி, அவனுடைய காதற்கிழத்தி, மனைவி உஷா என்று ஐவர்மேல் ஐயம் விழுகிறது. கடைசியில் இராஜன் யப்பானியருக்கு ஒற்றனாயிருந்தவன் என்பதும், சுட்டது உஷாவின் கையே என்பதும் வெளிப்படுகின்றன. இராஜனாகச் சிவாஜி கணேசனும் உஷாவாகப் பண்டரிபாயும் நடித்தனர்.

இது நம் ஊருக்கு அயலான கதையன்று. 1942 ஏப்ரல் 9ஆம் நாட் காலையில் அதே யப்பானியரின் விமானங்கள் நம் துறைமுகத்தின்மேல் வந்தன. சீனன்குடாவில் விமானம் ஒன்று எண்ணெய்த் தாங்கியில் மோதி எரிந்த கதையைக் கேளாத திருகோணமலைப் பிள்ளை இல்லை. ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியதும் அன்றுதான். ஆகையால் இப்படத்தை நாம் பார்க்கும் கண் வேறு.

இனி, ஓட்டைகளுக்கு வருவோம். நம் இளைஞர் மூன்றைச் சுட்டினர். போர்க்காலத்தில் வானொலிப் பெட்டி வைத்திருக்கவே அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. மறைவாகச் செய்தி அனுப்பும் கருவியின் திசையைக் கண்டறியும் முறையும் அன்றே இருந்தது. அப்படியிருக்க, நகரின் நடுவே ஒருவன் எவ்வாறு அகப்படாமல் செய்தி அனுப்பினான்? இது முதலாவது. சென்னை மக்கள் பெருங்கூட்டமாக ஊரைவிட்டு ஓடியது, கொழும்பும் விசாகப்பட்டினமும் நம்மூரும் தாக்கப்பட்ட 1942 ஏப்ரலில்; 1943இல் சென்னையில் விழுந்த குண்டுகளோ சொற்பம். கதாசிரியர் பீதியை ஓராண்டு தள்ளிவைத்தாரோ? இது இரண்டாவது. படித்த மனைவி, ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் கணவனின் தொழிலை அறிய இத்தனை காலம் ஏன்? இது மூன்றாவது.

மூன்றும் நியாயமான கேள்விகளே. ஆயினும் இவை கதாசிரியருக்குக் கொடுக்கக்கூடிய கடன். கதை சொல்பவன் காலத்தைச் சற்று நகர்த்தலாம். காவற்காரனைச் சற்றுத் தூங்கவைக்கலாம். மனைவி அறியாத கணவரோ கதையிலன்றி ஊரிலும் உளர்.

ஜப்பானியப் படமாகிய ‘ரஷோமோன்’ பார்த்ததால் எழுந்த எண்ணமே இப்படம் என்பர். அகிரா குரோசாவா 1950இல் எடுத்தது அது. அதிலே கள்வனும், மனைவியும், ஆவியாய் வந்து பேசும் இறந்த கணவனும் தத்தம் கையாலேயே அச்சாவு நேர்ந்ததாகச் சொல்கின்றனர். தன்மானம் அவர்களைப் பொய் பேசவைக்கிறது. ‘அந்த நாளி’லோ ஒருவர் சொல் மற்றொருவர்மேல் ஐயத்தை ஏவுகிறது. அச்சம் வந்தால் மனிதன் முதலில் நீட்டுவது விரலைத்தான் என்பதை இப்படம் நன்றாகவே காட்டுகிறது. அதற்காக அதனை மெச்சுவோம்.

அடைக்க முடியாத ஓட்டை அறத்திலே இருக்கிறது.

இராஜன் நாட்டைக் காட்டிக்கொடுத்தான். அது ஒன்றே அவனை வெறுக்கப் போதுமானது. படமோ அதனோடு நிற்கவில்லை. தம்பிக்கு ஈரமில்லாதவன், மனைவிக்குத் துரோகஞ் செய்தவன் என்று பழியின்மேல் பழியாக அவன் தலையில் அடுக்குகிறது. ஏன்? அவன் சாகும்போது நாம் அழாதிருக்க வேண்டும். அவ்வளவுதான். நம் கோணேசர் மலையின் பாறைப் பிளவை ‘இராவணன் வெட்டு’ என்கின்றோம். அந்த இராவணனைக் கம்பர் பாடியபோது அவன் பெருமை ஒன்றையும் மறைக்கவில்லை. அவனது வீரத்தையும் இசையையும் பத்தியையும் ஒப்புக்கொண்ட பின்னரே அவன் பிழையைக் காட்டினார். ஆகவேதான் அவன் வீழும்போது நமக்கு நோகிறது. தீயவனை எளிதில் வெறுக்கச் செய்யும் கதை, தீர்ப்பையும் எளிதாக்கிவிடுகிறது.

இன்னொன்று. குண்டு விழுந்து பத்தே நாளில், 1943 அக்டோபர் 21இல், சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் சுதந்திர இந்திய அரசைப் பிரகடனஞ் செய்தார். அவர் துணை யப்பானியரே. அவர் பின்னே மலாயாத் தமிழர் பலர் அணிவகுத்தனர். அன்று எவர் தேசபக்தர், எவர் தேசத்துரோகி? அவர் பக்கம் நியாயமுண்டு. நம் துறைமுகத்தில் வேலைக்குப் போய் வீடு திரும்பாதவரின் பக்கமும் நியாயமுண்டு. குண்டு கட்சி பார்த்து விழவில்லை. இந்தக் கடினமான கேள்வியின் வாசல்வரை வந்த படம், உள்ளே நுழையாமல் திரும்பிவிட்டது.

உஷா மனமறிந்து சுட்டாளா, கலங்கிய நொடியில் கை தவறியதா என்று நம்மவர் நெடுநேரம் வாதாடினர். எப்படியாயினும் துப்பாக்கியைக் கையிலெடுத்தவள் அவளே. அவளைக் குற்றஞ்சொல்வது எளிதன்று, புகழ்வதும் எளிதன்று. வீடணனை நினைத்துப் பாருங்கள். அண்ணனுக்கு அறிவுரை கூறினான். கேளாதபோது பிரிந்து போனான். ஆனால் அண்ணனைக் கொன்ற அம்பு அவனுடையதன்று. வீழ்ந்தவன் உடல்மேல் விழுந்து அழுதவனும் அவனே. அப்படியிருந்தும் அவன் செய்தது சரியா என்ற பட்டிமண்டபம் இன்றும் ஓயவில்லை. ஓயக்கூடாது என்பதே எமது எண்ணம்.

இளந்தோழர்களே, இதனை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கின்றோம்? ‘துரோகி’ என்பது படத்தில் மட்டும் வழங்கிய சொல்லன்று. நம் நாட்டில், நம் காலத்தில், விசாரணையின்றி அச்சொல் விழுந்த வீடுகளில் என்ன நேர்ந்தது என்பதை இங்கே அமர்ந்திருக்கும் மூத்தோர் அறிவர். அவர்கள் அதனை உரக்கப் பேசமாட்டார்கள். அவர்தம் மௌனத்தைப் படித்துக்கொள்ளுங்கள். அதிகாரி ஒருவர் பொறுமையாக ஐவரையும் விசாரிப்பதைக் காட்டும் இதே படத்தில், தீர்ப்பு மட்டும் விசாரணைக்கு முன்பே துப்பாக்கியால் எழுதப்பட்டுவிட்டது. எமக்கு உறுத்திய ஓட்டை இதுதான்.

ஆயினும் படத்தைப் பாருங்கள் என்றே சொல்வோம். ஏமாறுங்கள், ஏமாந்தபின் வாதாடுங்கள். எதிர்க்கட்சியார் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து வாதாடுங்கள். அந்தப் பழக்கம் இம்மன்றத்தில் வேரூன்றினால், அன்றிரவு வீதியில் நின்று பேசிய நேரம் வீணாகாது.