தளர்நடைக் குழந்தையுடன் விமானப் பயணம்

தில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களுக்கு நெடும்பயணம் புதிதன்று. கோடை விடுமுறைதோறும் இரண்டு இரவுகளை இரயிலில் கழித்து ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் நாம். கைக்குழந்தை இருந்தால், எதிரெதிரான மேற்படுக்கைகளுக்கு இடையே பழம்புடவையைத் தூளியாகக் கட்டிவிடுவோம். வண்டியின் ஆட்டமே தாலாட்டாகிவிடும். நடக்கத் தொடங்கிய குழந்தையோ பெட்டி முழுவதையும் வலம் வரும். நாகபுரியில் ஏறிய அம்மையார் ஒருவர் அதற்கு ஆரஞ்சுச் சுளை உரித்துக் கொடுப்பார். அழுதால் பெட்டியே கூடி அமர்த்தும்.

இன்று நம் மக்களிற் பலர் கலிபோர்னியாவிலும் டொராண்டோவிலும் சிட்னியிலும் வாழ்கின்றனர். பேரக் குழந்தைகள் அங்கிருந்து இங்கும், இங்கிருந்து அங்கும் வந்துபோகின்றனர். தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு எங்கும் இறங்காமற் சென்றால் ஏறத்தாழ 16 மணி நேரம் ஆகிறது. தில்லிக்கும் சென்னைக்கும் இடையே இரயிலில் ஏறத்தாழ 33 மணி நேரத்தைக் கலகலப்பாகக் கழித்த குடும்பங்கள், அதிற் பாதி நேரமே ஆகும் இந்தப் பயணத்திற்கு அஞ்சுகின்றன. தொலைவு இதற்குக் காரணமன்று. சுற்றியிருப்போரின் முகச்சுளிப்பே காரணம். இருண்ட விமானத்தில் முந்நூறு பேர் உறங்க முயலும்போது நம் குழந்தை ஒன்று மட்டும் வீறிட்டால் என் செய்வது என்னும் கூச்சம் பெற்றோரை வாட்டுகிறது. அந்தக் கூச்சத்தினால் அவர்கள் செய்யத் துணியும் செயல்களுள் ஒன்று உயிருக்கே தீங்காகக் கூடியது.

“ஏறுவதற்கு முன் ஒரு தேக்கரண்டி சளி மருந்து கொடுத்துவிடு, இறங்கும் வரை தூங்கும்” என்னும் யோசனையைக் கேளாத வீடு இல்லை. சொல்பவர்கள் நல்லெண்ணம் உடையவர்களே. ஆயினும் இந்த யோசனையைக் கண்டிப்பாக மறுக்க வேண்டும். உறக்கம் தரும் ஒவ்வாமை மருந்தாகிய புரோமெத்தசின், சிறு குழந்தைகளின் மூச்சை ஒடுக்கி மரணமும் விளைவித்திருப்பதால், இரண்டு வயதுக்குட்பட்டோர்க்கு அதனைக் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க மருந்துத் துறை 2004-இல் எச்சரித்தது. நம் நாட்டிலும், குளோர்பெனிரமின், பினைலெப்ரின் என்னும் இரண்டும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரலாகாது என்ற எச்சரிக்கையை அச்சிடுமாறு 2023 டிசம்பரில் ஆணை பிறந்தது. சில குழந்தைகளுக்கோ இத்தகைய மருந்துகள் உறக்கத்தைத் தருவதற்கு மாறாக வெறிபிடித்தாற்போன்ற பரபரப்பைத் தந்துவிடுகின்றன.

மற்றொன்றையும் எண்ண வேண்டும். பறக்கும் விமானத்தின் உட்காற்று தரைமட்டக் காற்றுக்கு ஒப்பானதன்று. 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருக்கும் காற்றின் அழுத்தமே அங்கு இருக்கும். உதகமண்டலம் ஏறத்தாழ 7,350 அடி உயரத்தில் உள்ளது. நலமுள்ள குழந்தைக்கு உதகை எவ்வாறு தீங்கு செய்யாதோ அவ்வாறே இதுவும் தீங்கு செய்யாது. மருந்தினால் மூச்சு மந்தமான குழந்தைக்கு அவ்வாறு சொல்ல இயலாது.

இனி, குழந்தை ஏன் அழுகிறது என்று பார்ப்போம். விமானம் இறங்கும்போது எழும் அழுகை பெரும்பாலும் காதுவலியால் வருவது. நடுச்செவியையும் தொண்டையின் மேற்பகுதியையும் ஒரு சிறு குழல் இணைக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தம் கூடும்போது அக்குழல் திறந்து உள்ளழுத்தத்தைச் சமன் செய்ய வேண்டும். குழந்தைக்கு அது குறுகலாகவும், பெரியவர்களுக்கு உள்ளதைவிடக் கிடைமட்டமாகவும் இருப்பதால் எளிதில் திறப்பதில்லை. செவிப்பறை உள்நோக்கி இழுபட்டு வலிக்கிறது. விழுங்குந்தோறும் அக்குழல் திறக்கும். ஆதலின் தரைதொடுவதற்கு அரை மணி நேரம் முன்பே, விமானம் தாழத் தொடங்கும்போதே, உறங்கும் குழந்தையையும் மெல்ல எழுப்பிவிடல் நன்று. உறக்கத்தில் விழுங்குதல் குறைவு. தாய்ப்பாலோ, உறிஞ்சுகுழலில் நீரோ சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே வரலாம். இவற்றையும் மறுத்து அழுதால் அழட்டும். அழுகையும் அக்குழலைத் திறக்க ஓரளவு துணைசெய்கிறது. வாயைப் பொத்தி அடக்க முயல்வது வலியை நீட்டிப்பதாகவே முடியும். கடுஞ்சளியோ காதில் சீழோ இருந்தால், புறப்படுமுன் மருத்துவரைக் காண வேண்டும். அவர் தள்ளிப்போடச் சொன்னால் தள்ளிப்போடுவதே முறை.

இருக்கையைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விமான நிறுவனங்கள் இரண்டு வயது நிறையாத குழந்தை அனைத்தையும் ‘இன்ஃபன்ட்’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன. ‘பேசாதது’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. மொழிபெயர்ப்போருக்குச் சிக்கல் தரும் சொல்! இருபது மாதக் குழந்தை “இறக்கு, இறக்கு” என்று விமானம் முழுவதும் கேட்கப் பேசுமே. நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் இதே இரண்டு ஆண்டுகளை வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றெல்லாம் பகுத்து வைத்தனர். பயணச்சீட்டின் கணக்கில் அப்பகுப்புக்கு இடமில்லை. மடியில் வைத்துக்கொள்ளும் குழந்தைக்கு வெளிநாட்டுப் பயணத்தில் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கே பெறுகின்றனர். இரண்டாம் பிறந்தநாள் வந்துவிட்டால் தனி இருக்கை வாங்கியே தீர வேண்டும். பயணத்தின் நடுவே பிறந்தநாள் வந்தால் திரும்பும் வழிக்கு வாங்க வேண்டும்.

மடி பாதுகாப்பானதா? 1989 ஜூலை 19-ஆம் நாள், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சூ சிட்டி விமான நிலையத்தில், இயந்திரம் பழுதுற்ற பெரிய விமானம் ஒன்று தரையில் மோதி உடைந்தது. மடிக்குழந்தைகள் நால்வர் அதில் இருந்தனர். அக்கால விதிப்படி அவர்களைத் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளுமாறு பெற்றோரிடம் சொல்லப்பட்டது. அவர்களுள் ஒரு குழந்தை இறந்தது. அவ்வாறு சொல்ல நேர்ந்த பணிப்பெண்களின் தலைவி, குழந்தைக்குத் தனி இருக்கையைக் கட்டாயமாக்குமாறு பின்னர்ப் பல்லாண்டு போராடினார். அரசு இசையவில்லை. செலவுக்கு அஞ்சிக் குடும்பங்கள் சாலைவழியே சென்றால் அங்கே இறப்புகள் மிகும் என்பது அதன் வாதம். கடல் கடந்து செல்வோருக்குச் சாலை ஏது? ஆதலின் அந்த வாதம் நமக்குப் பொருந்தாது. விபத்து அரிது எனினும், காற்றுக்கொந்தளிப்பில் விமானம் திடீரெனத் தாழ்ந்தால் எத்துணை வலிய கையும் குழந்தையைப் பிடித்து நிறுத்தாது. பணமிருப்பின் தனி இருக்கை வாங்குவதும், விமானத்திற்கு ஏற்றதென்று குறிக்கப்பட்ட குழந்தை நாற்காலியைக் கொண்டுபோவதும் நகைக்குச் செலவிடுவதினும் சிறந்த செலவு. இயலாதெனின், நம் இடுப்புப் பட்டைக்குள் குழந்தையையும் சேர்த்துக் கட்டலாகாது. மோதலில் நம் உடலே அதை நசுக்கிவிடும். அதற்கென்று தரும் துணைப்பட்டையைக் கேட்டு வாங்கி மாட்ட வேண்டும். முன்சுவரில் மாட்டும் தொட்டிலை நம்பிப் பயனில்லை. பத்துப் பதினொரு கிலோவுக்குமேல் அது பெரும்பாலும் தாங்காது. நடக்கும் குழந்தை அதற்குள் அடங்குவதும் இல்லை.

மற்றவை எளியன. நூறு மில்லிலிட்டருக்கு மேற்பட்ட நீர்ப்பொருளைக் கையில் கொண்டுசெல்லத் தடை 2006-இல் வந்தது. குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் பயணத்திற்கு வேண்டிய அளவில் விலக்குண்டு. சோதனையில் தனியே எடுத்துக் காட்டினால் போதும். எண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய இட்லி பெரியவர்களுக்கு. குழந்தைக்கு வெறும் இட்லியே உகந்தது. மீந்ததை இறங்குமுன் தீர்த்துவிடுக. ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் உணவுப்பொருளை மறைத்துக் கொண்டுபோனால் அபராதம் உண்டு. மாற்றுடை குழந்தைக்கு மட்டுமன்றித் தாய்க்கும் ஒன்று கைப்பையில் இருக்கட்டும். விமானத்தில் ஏறுமுன் குழந்தையைத் தள்ளுவண்டியில் கட்டிவைக்காமல் கால் ஓயும் வரை நடக்க விடுக. உள்ளேயும், பட்டை அணியச் சொல்லும் விளக்கு அணைந்திருக்கும்போது நடைவழியில் உலாவலாம்.

அருகிலிருப்போருக்கு மிட்டாயும் காதடைப்பானும் பையிலிட்டு வழங்கி, குழந்தைக்காக முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கும் வழக்கம் மேனாட்டில் சிலரிடம் தோன்றியுள்ளது. நமக்கு அது வேண்டுவதில்லை. குழந்தை பயணம் செய்வது குற்றமன்று. முன்னிருக்கையை அது உதைக்காமல் பார்த்துக்கொள்வதும், ஏறியவுடன் பக்கத்தவரிடம் முகமலர்ந்து இரண்டு வார்த்தை பேசுவதும் போதிய மரியாதையே.

சென்று சேர்ந்த பின்பும் சில இரவுகள் உள்ளன. கோடையில் சான் பிரான்சிஸ்கோவின் கடிகாரம் நம் கடிகாரத்திற்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்தங்கியது. நம் பகல் அங்கே இரவு. நள்ளிரவு இரண்டு மணிக்குக் குழந்தை விழித்துப் பசிக்கிறது என்னும். அதன் வயிற்றுக்கு அது பகலுணவு வேளை. அதட்ட வேண்டா. மங்கிய விளக்கில் இரண்டு கவளம் தயிர்ச்சோறு ஊட்டி, மெல்லிய குரலில் பேசி, மீண்டும் படுக்க வைக்கலாம். விடிந்ததும் வெயிலில் விளையாட விடுக. பகலில் நெடுநேரம் உறங்கினால் எழுப்புக. ஒரு வாரத்திலோ சற்றுக் கூடுதலான நாட்களிலோ அதன் உறக்கம் அவ்வூர் இரவோடு பொருந்திவிடும். அதுவரை பாட்டியும் தாத்தாவும் முறைவைத்து விழித்திருக்கலாம்.