துபாய் நகரில் நாட்பொழுது

துபாயைப் பொன் விளையும் பூமி என்பாருளர். யாம் ஈராண்டு அங்குப் பள்ளியாசிரியராயிருந்து கண்டதைக் கூறுவோம். கட்டடத் தொழிலாளர் விடியுமுன் பஸ் ஏறுவர். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 மணியிலிருந்து 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கலாகாதென்பது அந்நாட்டு விதி. குழாய்நீர் பெரும்பாலும் உப்பகற்றிய கடல்நீரே. கோடையில் அது கொதிக்குமாதலின், குளிப்பதற்கு இரவே வாளியில் பிடித்து ஆறவைப்போம். இதனை ஊரில் சொன்னால் நகைக்கின்றனர்!

எம் அறைத்தோழரொருவர் வீட்டை அடகுவைத்துத் தரகனுக்குப் பணங் கொடுத்து வந்தவர். முதலாளி அவர் பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். ஆளெடுக்குஞ் செலவைத் தொழிலாளியிடம் வசூலித்தலையும், அவன் பத்திரங்களைப் பறித்தலையும் அந்நாட்டு 2021-ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் விலக்கியுள்ளது. அதனை அவர் அறிந்தது அடகு மூழ்கிய பின்னரே. இச்சபையில் பயணப்படவிருக்கும் இளைஞர் உளராயின், கையொப்பமிடுமுன் ஒப்பந்தத்தை எம்மிடம் கொணர்க. வரிவரியாய்ப் படித்துப் பொருள் சொல்வோம்.