தடுப்பூசியும் மதமும்

(கடப்பாக்கம் கூட்டத்தில் பேசியதன் சாரம்)

மதத்தைக் கண்டித்துப் பேசுகிறவர்களுக்கு ஊசியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். மதத்தின் பேரால் குழந்தை சாகுமானால் நாம் பேசாமல் வேறு யார் பேசுவது?

வைசூரி கண்ட வீட்டில் "ஆத்தாள் வந்திருக்கிறாள்" என்று வேப்பிலை கட்டிக் கும்பிட்டவர்கள் நம்மவர்களே. அம்மை குத்த வந்தவரைக் கண்டு பிள்ளைகளை ஒளித்தவர்களும் நம்மவர்களே. கடைசியில் நடந்தது என்ன? 1796இல் ஜென்னர் கண்ட முறையை ஊர் ஊராய்க் கொண்டு போனதன் பலனாய், 1975க்குப் பிறகு இந்தியாவில் வைசூரி இல்லை. 1980இல் உலகத்திலேயே இல்லையென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆடிக்கூழ் மாத்திரம் நிற்கவில்லை! வராத ஆத்தாளுக்குக் கூழ் எதற்கு என்று கேட்கின்றோம்.

நிற்க, இது ஒரு மதத்தாருடைய குற்றமல்ல. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போடப் புறப்பட்டபோது, கைபேசியில் வந்த வதந்தியை நம்பிப் பல பெற்றோர் வேண்டாமென்றார்கள். ரூபெல்லா கர்ப்பிணிக்குக் கண்டால் வயிற்றுப் பிள்ளையின் கண்ணும் காதும் இருதயமும் கெடலாம் என்பதை வதந்தி சொல்லுமா?

உத்தரப் பிரதேசத்தில், போலியோ சொட்டு மருந்து மலடாக்கும் என்ற புரளியால் முஸ்லிம் வீடுகள் பல கதவடைத்தன. சர்க்கார் உத்தரவுக்குத் திறக்காத அந்தக் கதவுகள், அதே தெருப் பெண்கள் ஊழியர்களாய் வந்து பேசியபோது திறந்தன. மௌல்விகளும் பள்ளிவாசலில் எடுத்துச் சொன்னார்கள். 2011 ஜனவரி 13க்குப் பின் இந்தியாவில் இயற்கைப் போலியோ கிருமியால் ஒரு குழந்தையும் முடமாகவில்லை. 2014இல் அதற்கு அத்தாட்சியும் கிடைத்தது.

மௌல்வி சொல்லிக் கேட்பதும் குருட்டு நம்பிக்கைதானே என்பீர்கள். ஆம், ஆனால் குழந்தையின் கால் பிழைத்தது. அத்தெருப் பெண் செய்ததோ, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னது. அதுதான் பகுத்தறிவு வேலை.

ஆகவே தோழர்களே! குப்பமானாலும் பள்ளிவாசல் தெருவானாலும், கிராம சுகாதார செவிலியர் வரும்போது கூடச் செல்லுங்கள். முதலில் உங்கள் பிள்ளைக்குப் போடச் செய்யுங்கள். ஊசிக்குப் பின் காய்ச்சல் வரலாம் என்பதை மறைக்காதீர்கள்; அரைமணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்லுங்கள். பயந்த தாயை முட்டாள் என்று ஏசாதீர்கள். ஏசுவதால் கதவு திறவாது. டாக்டர் சொன்னார், நம்பு என்றும் சொல்லாதீர்கள். கேள், பதில் சொல்கிறோம் என்று சொல்லுங்கள். சுயமரியாதை என்பது அதுவேயாகும்.