கர்ப்பிணிகளும் சர்க்கரைச் சோதனையும்

(பஞ்சாயத்து உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

 

விதைக்குமுன் மண்ணைச் சோதிக்கக் கற்றுக்கொண்ட நாம், கருவுற்ற பெண்ணின் இரத்தத்தைச் சோதிக்க மட்டும் தயங்குகிறோம். கர்ப்ப காலத்தில் தோன்றும் சர்க்கரை நோய் பெரும்பாலும் அறிகுறி எதையும் காட்டுவதில்லை. கவனியாது விட்டால் கருவிலுள்ள குழந்தை அளவு மீறிப் பருத்துப் பிரசவம் கடினமாகும்; பிறந்தவுடன் குழந்தையின் இரத்தத்தில் சர்க்கரை மிகக் குறைந்துவிடவும் கூடும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இச்சோதனை எளியது. 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி நீரில் கரைத்துத் தருவர். 10 நிமிடத்திற்குள் பருகவேண்டும். 2 மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பர். 100 மில்லியில் 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் சர்க்கரை இருப்பின் நோய் உண்டென்று பொருள். முதன்முறை பதிவு செய்யும்போது ஒரு தடவையும், 24 முதல் 28 வாரத்திற்குள் மறு தடவையும் சோதிக்கவேண்டும்.

இதற்குப் பட்டினி கிடக்கவேண்டியதில்லை. வழக்கம்போல் உண்டுவிட்டே செல்லலாம். வெறும் வயிற்றில் வரும்படி வேறு மருத்துவமனை சொன்னால், அங்கு அவர்கள் சொற்படி நடப்போம். குடித்த அரை மணிக்குள் வாந்தி வந்தால் செவிலியரிடம் கூறவேண்டும். மறுநாள் மீண்டும் செய்வர். இடையில் வேறெதுவும் உண்ணாது அமர்ந்திருப்பது அவசியம். "நடவுக்கு நேரமாயிற்று" என்று எழுந்து வந்துவிட்டால் சோதனை வீணே.

நோய் கண்டாலும் அஞ்சவேண்டாம். பெரும்பாலோர்க்கு உணவுக் கட்டுப்பாடும் நடையுமே போதும். போதாதவர்க்கு மருந்து உண்டு.

ஆகவே, அந்த ஒரு முற்பகல் அவளுடைய வேலையை வீட்டிலுள்ள நாம் ஏற்போம். நம் வார்டில் எந்தக் கர்ப்பிணியும் சோதனையின்றி விடுபடாதவாறு பார்த்துக்கொள்வது நமது கடமையாகும்.