டீ தாத்தா

(சங்கக் கூடத்தில் நடந்த நினைவுக் கூட்டத்தில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது)

முதலில் ஒரு மன்னிப்பு. டீ தாத்தா மகள் வீட்டோடு நம் பி பிளாக்குக்கு வந்த புதிதில், லிஃப்டில் வணக்கம் சொன்னால் பதில் வராது. ‘ரொம்பத்தான் கர்வம்’ என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். அவருக்குக் காது மந்தம் என்று தெரிய எனக்கு எட்டு மாதம் ஆனது. கீழ் கோத்தகிரியில் முப்பது வருஷத்துக்கு மேல் டீ பேக்டரி வேலை. சி.டி.சி. மெஷின் இரைச்சலில் பக்கத்து ஆள் கத்தினாலும் கேட்காதாம். எல்லாம் கைஜாடைதான்.

காது போனாலும் மூக்கு போகவில்லை. அரைத்த இலை பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்கு மாறுகிற நேரம் இருக்கிறதே, அதில்தான் டீயின் ருசியே. முந்தினால் பச்சை வாடை, பிந்தினால் சப்பென்று போய்விடும். குளிருக்கு ஒரு கணக்கு, வெயிலுக்கு ஒரு கணக்கு. இவர் கடிகாரம் பார்க்கமாட்டார். ஒரு பிடி அள்ளி முகர்ந்து, டிரையருக்குத் தள்ளச் சொல்லிக் கையைக் காட்டுவார். நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை போனால்தான் ஒரு கிலோ தூள். வீணானால் அவருக்குப் பொறுக்காது. என் வீட்டு டீயை முகர்ந்துவிட்டு, “தம்பி, இது தேயிலையா, புளியங்கொட்டைத் தோலா?” என்று கேட்டவர்.

பிறந்தது இலங்கை மலையகத்தில். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று இரண்டு அரசும் எழுதிக்கொண்டன. அந்தக் கணக்கில் இவர் வந்தார், இவருடைய அக்கா வரவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் நீலகிரி. அக்காவைப் பிறகு பார்க்கவே இல்லை. கடைசிவரை கடிதம்தான். அந்தக் கட்டு இன்னும் அவர் அலமாரியில் இருக்கிறது.

பகலில் பறித்த இலை ராத்திரி முழுக்க வாடி, விடியுமுன் மெஷினுக்குப் போகும். அதனால் நைட் ஷிப்ட் அதிகம். காலையில் வீடு திரும்பினால் மனைவி இலை பறிக்கக் கிளம்பியிருப்பார். பெண்கள் இரண்டு பேருக்கும் வெந்நீர் போட்டு, தலை பின்னி, பஸ் ஏற்றிவிட்டுத்தான் படுப்பாராம். “ஒருநாளும் பின்னல் நேரா இருந்ததில்லை” என்று மகள் நேற்று சிரித்துக்கொண்டே சொன்னார். அப்புறம் அழுதுவிட்டார்.

விவரம் தெரிந்தபின் நான் தோளைத் தொட்டு வணக்கம் சொல்லப் பழகிக்கொண்டேன். “வாங்க தம்பி!” என்று லிஃப்டே அதிரும். இரண்டு வருஷம்தான் அது கிடைத்தது.

வெளியே டீ வைத்திருக்கிறார்கள். அவர் டப்பாவில் மிச்சமிருந்த தூள். ஏலக்காய் போடவில்லை, அவருக்குப் பிடிக்காது. எல்லோரும் குடித்துவிட்டுப் போங்கள்.