பிறப்பு துப்பு ஆகாது

(ஆரணியில் இளம் வாசகர்கள் கூடிய நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இளையோருக்கான துப்பறியும் கதைகள் பற்றி, அதிலும் வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் நடக்கும் மர்மக் கதைகள் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். இதைப் பேச ஆரணி பொருத்தமான ஊர். ஆரணி என்றால் எல்லோருக்கும் பட்டுச் சேலைதான் நினைவுக்கு வரும். ஆனால் தமிழில் துப்பறியும் நாவலைப் பரவலாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் ஒருவரின் பெயரிலேயே இந்த ஊர் இருக்கிறது. அவர் ஆரணி குப்புசாமி முதலியார். 1915இல் தொடங்கிய ‘ஆனந்தபோதினி’ இதழோடு இணைந்து இயங்கியவர், 1925இல் மறைந்தவர். ரெயினால்ட்ஸ், கானன் டாயில் போன்றோரின் கதைகளை எடுத்து, ஆட்களுக்கும் ஊர்களுக்கும் நம் பெயர்களைச் சூட்டித் தமிழில் எழுதினார். லண்டன் நகரத்து ஷெர்லாக் ஹோம்ஸ் அவர் கையில் ஆனந்தசிங் ஆனார்.

துப்பறியும் கதைக்கு ஓர் அடிப்படை ஒழுங்கு உண்டு. குற்றம் நடந்த வீட்டில் ஜமீன்தார் முதல் சமையல்காரர் வரை எல்லோருமே சந்தேகத்துக்கு உரியவர்கள். யார் மீதும் குற்றம் சாட்டலாம். ஆனால் சாட்டுகிறவர் சான்று காட்ட வேண்டும். கால்தடமோ, கடிதமோ, நேரக் கணக்கோ, ஏதாவது ஒன்று வேண்டும். “அவன் அந்தத் தெருக்காரன், அவன்தான் செய்திருப்பான்” என்று கடைசிப் பக்கத்தில் முடித்தால் வாசகர் புத்தகத்தை வீசி எறிவார். பிறப்பை வைத்து எவரையும் முடிவு கட்டக் கூடாது என்ற எண்ணம் இந்தக் கதை வடிவத்துக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் இதைச் சாதி எதிர்ப்புக்குப் பயன்படக்கூடிய வடிவமாக நான் பார்க்கிறேன்.

ஆனால் ஆனந்தசிங் கதைகளில் துப்பறிந்துகொண்டிருந்த அதே காலத்தில், கதைக்கு வெளியே இருந்த சட்டம் இதற்கு நேர் எதிரானது. 1871இல் வட இந்தியாவில் கொண்டுவரப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர், பிரமலைக் கள்ளர் உள்ளிட்ட பல சமூகங்கள் அதன் கீழ் அறிவிக்கப்பட்டன. அறிவிக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் பெயரைப் பதிய வேண்டும், கைரேகை கொடுக்க வேண்டும், போவது வருவதைக் காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். நம் மக்கள் இதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். ரேகை வைக்க மறுத்துத் திரண்ட பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தார்கள். இதை ஒரு சாதியின் வீரக்கதையாக மட்டும் சுருக்கிவிட வேண்டாம். ‘பிறப்பே குற்றம்’ என்ற ஏற்பாட்டுக்கு எதிராகச் சிந்தப்பட்ட ரத்தம் அது.

இந்த ரேகையின் கதையே ஒரு மர்மக் கதை போலத்தான் இருக்கும். கைரேகைக்கென்று ஓர் அலுவலகம் 1897இல் கல்கத்தாவில் அமைந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்க உழைத்தவர்கள் அஜிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள். பெயர் போனது அவர்களின் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்கு. 1901இல் அந்த முறை லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்குப் போனது. அங்கே குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த ரேகையை வைத்து ஆளைத் தேடினார்கள். இங்கே குற்றமே நடக்காதபோது, ஒரு சமூகத்தையே வரிசையில் நிறுத்தி ரேகை வாங்கினார்கள். 1903இல் டாயில் எழுதிய ஒரு ஹோம்ஸ் கதையில், சுவரில் இருக்கும் கட்டைவிரல் ரேகையே மெழுகு அச்சால் ஜோடிக்கப்பட்டது என்று தெரியவரும். சான்றையும் சந்தேகப்பட வேண்டும் என்பது அந்தக் கதை தரும் பாடம்.

அதே டாயில் சறுக்கிய இடமும் உண்டு. 1890இல் வந்த ‘நால்வர் குறி’ நாவலில் கொலை செய்பவர் ஓர் அந்தமான் பழங்குடி. ஹோம்ஸ் அங்கே என்ன செய்கிறார்? ஒரு தகவல் நூலைப் பிரித்து, அந்தமான் மக்கள் கொடூரமானவர்கள், பார்க்க விகாரமானவர்கள் என்று எழுதியிருப்பதை வாசித்துக் காட்டுகிறார். சிகரெட் சாம்பலைக்கூட ஆராய்ந்து பார்க்கிற மனிதர், ஒரு மக்கள் கூட்டத்தைப் பற்றிய வசையை ஆராயாமல் ஏற்றுக்கொள்கிறார். அப்படிப்பட்ட புத்தகங்கள் நம்மிடமும் வந்தன. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகளைப் புரட்டினால், சாதி சாதியாக மூக்கையும் மண்டையையும் அளந்து வைத்திருப்பதைப் பார்க்கலாம்.

ஆனால் நிஜ வாழ்க்கையில் டாயில் வேறொன்றும் செய்தார். ஜார்ஜ் எடல்ஜி என்ற இளம் வழக்கறிஞர், பம்பாயிலிருந்து போன பார்சி தந்தைக்கு இங்கிலாந்தில் பிறந்தவர். இரவில் மேய்ச்சல் நிலத்துக்குப் போய்க் கால்நடையின் வயிற்றைக் கிழித்தார் என்று 1903இல் அவருக்கு ஏழு ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வெளியே வந்தவரை டாயில் ஒரு விடுதியில் சந்தித்தார். எடல்ஜி செய்தித்தாளைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். இந்தப் பார்வையோடு ஒருவர் இருட்டில் வயலைத் தாண்டிப் போயிருக்க முடியுமா? அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கி, நிறத்தால் வந்த சந்தேகம் அது என்று டாயில் எழுதினார். 1907இல் எடல்ஜிக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது, இழப்பீடு கொடுக்கப்படவில்லை. நாவலில் இனத்தைப் பார்த்தவர், நிஜத்தில் மனிதரைப் பார்த்தார். இந்த இரண்டில் எதை நாம் எடுத்துக்கொள்ளப் போகிறோம்?

இளையோருக்கு அந்தக் காலத்தைக் கதையாக்கும்போது எளிதாக ஒரு சட்டகம் வந்துவிடும். பாழடைந்த அரண்மனை, புதையல் வரைபடம், ஒரு கெட்ட வெள்ளைக்காரத் துரை, காட்டில் வழி காட்டும் பழங்குடி. ஆரணிக்குப் பக்கத்தில் சத்திய விஜய நகரத்திலும் பூசிமலைக்குப்பத்திலும் ஜாகீர்தார்களின் அரண்மனைகள் இருப்பதால் உங்களுக்கும் அந்த ஆசை வரும். எழுதுங்கள். ஆனால் புதையல் எங்கே என்று கேட்பதோடு, அது யாருடைய உழைப்பிலிருந்து வந்தது என்றும் உங்கள் கதாபாத்திரம் கேட்கட்டும். சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கவும் வாக்குமூலம் வாங்கவும் சித்திரவதை சர்வசாதாரணமாக நடந்தது என்று 1855இல் அரசு அமைத்த ஆணையமே அறிக்கை தந்தது. விரல்களை நசுக்கும் கிட்டி அதில் பதிவாகியிருக்கிறது. அந்தக் காலத்துக் கதையில் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று எழுதும் முன், எப்படி ஒப்புக்கொண்டார் என்று கேட்காமல் இருக்க முடியாது.

ஒரு மாதிரிக் கதை சொல்கிறேன். முழுக்க என் கற்பனை. ‘ஆனந்தபோதினி’ வெளிவரத் தொடங்கிய அதே 1915, இதே ஆரணி. ஒரு பட்டு முதலாளி ஸ்டேஷனில் புகார் கொடுக்கிறார். “நாலு வீசை பட்டு கொடுத்தேன், சாயப்பட்டறையிலிருந்து மூணு வீசைதான் திரும்பி வந்தது.” மூட்டை சுமந்தவர் குறவர். அவர் பெயர் ஏற்கெனவே போலீஸ் பதிவேட்டில் இருக்கிறது. கைது செய்துவிடுகிறார்கள். அவருடைய 12 வயது மகள் நம்பவில்லை. சாயப்பட்டறையில் எடுபிடி வேலை செய்யும் அவள் தோழன், “வேகவெச்சா பட்டு இளைச்சுடும்” என்கிறான். உண்மைதான். கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு பசை. சாயம் ஏற்றும் முன் வேகவைத்தால் அது கரைந்து போய்விடும். இருவரும் ஒரு தராசைத் தேடிப்பிடித்து, ஒரே கண்டியை வேகவைக்கும் முன்னும் காயவைத்த பின்னும் நிறுத்துப் பார்க்கிறார்கள். திருட்டே நடக்கவில்லை!

முதலாளிக்கு இது தெரியாதா? தெரியும். அப்படியானால் ஏன் புகார் கொடுத்தார்? சுமைகாரருக்கு அவர் கொடுக்க வேண்டிய கூலி எத்தனை மாதமாகப் பாக்கி? கதையின் இரண்டாம் பாதி அங்கேதான் தொடங்குகிறது. இந்தக் கதையில் துப்பு, உழைக்கிறவர்களின் அறிவிலிருந்து வருகிறது. இன்ஸ்பெக்டர் பட்டறைக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். பதிவேட்டில் பெயர் இருந்ததால் அவர் கேட்கவில்லை.

இது பழைய கதை என்று தோன்றலாம். நான் ஆறாம் வகுப்பு படித்தபோது ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனது. எங்கள் காலனிப் பிள்ளைகளின் பைகளை மட்டும் தரையில் கொட்டிப் பார்த்தார்கள். மறுநாள் அந்தப் பெட்டி தொலைத்த பையனின் வீட்டிலேயே கிடைத்தது. எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இங்கே இருப்பவர்களில் சிலருக்கும் இப்படி ஒன்று நடந்திருக்கும்.

குற்றப் பரம்பரைச் சட்டம் நம் மாகாணத்தில் 1947இலும் நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31லும் நீக்கப்பட்டது. ஆனால் 1948இலேயே இங்கே வழக்கமான குற்றவாளிகள் சட்டம் வந்துவிட்டது. 1993இல் திருட்டுச் சந்தேகத்தில் பிடித்துச் செல்லப்பட்ட குறவர் சமூகத்து ராஜாகண்ணு காவலில் கொல்லப்பட்டார். 2021இல் நீங்கள் பார்த்த ‘ஜெய்பீம்’ அந்த வழக்கைத் தழுவியதுதான். சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகளை 2024 அக்டோபர் 3 அன்று ரத்து செய்த உச்ச நீதிமன்றம், சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்க்கும் பழக்கம் இன்னும் தொடர்வதையும் சுட்டிக்காட்டியது. சட்டம் போனாலும் பதிவேடு பலரின் மனதில் அப்படியே இருக்கிறது.

தமிழில் இன்று சிறார் எழுத்து நல்ல திசையில் போகிறது. பள்ளிப் பிள்ளைகள் கையில் கட்டும் சாதிக் கயிற்றைப் பற்றி விஷ்ணுபுரம் சரவணன் ‘கயிறு’ எழுதினார். கீழடியைக் குழந்தைகளிடம் கொண்டுபோன உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ 2023இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. சாதியையும் வரலாற்றையும் பிள்ளைகளிடம் பேசலாம் என்று இவர்கள் காட்டிவிட்டார்கள். அடுத்து, ரேகைச் சட்டக் காலத்தின் மர்மக் கதைகளை நீங்கள் எழுத வேண்டும்.

வாசிக்கும்போதும் மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் முதலில் சந்தேகிக்கப்படுவது யார்? அந்தச் சந்தேகத்துக்கு என்ன சான்று? அந்தச் சான்றை உருவாக்கியது யார்? கதைப் புத்தகத்தில் இதைக் கேட்டுப் பழகிய ஒரு பிள்ளை, நாளை வகுப்பில் நான்கு பேரின் பையை மட்டும் கொட்டும்போது எழுந்து நின்று, “ஏன் சார், இவங்க பை மட்டும்?” என்று கேட்கும். அந்தக் கேள்வி ஒரு வகுப்பறையில் எழுந்தால்கூட நாம் எழுதியது வீணாகாது.